முதல் முப்பது பக்கங்கள்

2018 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஏழு நாவல்கள் வாங்கினேன். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைப்பதற்காக அவற்றை வெளியே எடுத்தபோதுதான் கவனித்தேன்: அடையாளத்துக்குச் செருகியிருந்த காகிதத் துண்டுகள் ஏழிலும் முன்னட்டையை ஒட்டியே இருந்தன. ஒன்று 9ஆம் பக்கத்தில், இன்னொன்று 14இல். மிக அதிகமாகப் போனது 22 வரை. ஏழு வீடுகளின் வாசற்படி ஏறி, உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறேன்.

அதற்காக வாசிப்பை விட்டவள் என்று என்னைச் சொல்லிவிட முடியாது. அதே மூன்று மாதங்களில் கைப்பேசியில் ஏறத்தாழப் பத்து லட்சம் சொற்கள் படித்திருந்தேன். கணக்கு தெரியக் காரணம், நான் படித்ததெல்லாம் ஃபேன் ஃபிக்‌ஷன். ஒவ்வொரு கதையின் தலைப்புக்குக் கீழேயும் அதில் எத்தனை சொற்கள் என்று போட்டிருப்பார்கள். ஒரு நாவலிலோ திரைப்படத்திலோ தொலைக்காட்சித் தொடரிலோ ஏற்கெனவே வந்த பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ரசிகர்கள் தாங்களே எழுதும் கதைகள் அவை. படிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்கு இந்த அளவு போதும்.

ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இந்தக் கதைகளைத் தவிர வேறு எதையும் நான் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. இன்று இரண்டையும் படிக்கிறேன். இடையில் என்ன நடந்தது, எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயதில் சென்னையிலிருந்து வந்த சித்தப்பா ஹாரி பாட்டர் வரிசையின் முதல் சில புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, அகராதியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு படித்தேன். ஆறாவது புத்தகம் 2005 ஜூலையில் வந்தது. ஏழாவதும் கடைசியுமானது 2007 ஜூலையில். ஆறாவதில் எல்லாருக்கும் அரணாக இருந்த ஒருவர் இறந்துபோகிறார், அவரைக் கொன்றவன் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாமலேயே புத்தகம் முடிகிறது. பதினைந்து வயதில் அதற்காக இரண்டு ஆண்டுகள் காத்திருப்பது என்றால் என்ன என்பது, வரிசை முழுவதையும் ஒரே பெட்டியில் வாங்கிவிடுகிற இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காக வெள்ளிக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு அது நன்றாகப் புரிந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளில்தான், கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் என்ற தளத்தைக் கண்டுபிடித்தேன். 1998 முதல் இருந்துவந்த தளம் அது. ஏழாவது புத்தகம் எப்படி முடியும் என்பதை ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் மனம்போல எழுதி வைத்திருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து படித்தால் காசு கட்டாது. அத்தியாயம் அத்தியாயமாகத் திறந்து, நகலெடுத்து, ஒரே கோப்பில் ஒட்டி, அச்செடுத்துக்கொண்டு வருவேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அதனால் எழுத்தின் அளவை எட்டுப் புள்ளிக்குச் சுருக்குவேன், நான்கு பக்கமும் ஓரமே விடமாட்டேன், பத்திகளுக்கு நடுவில் இருக்கும் வெற்று வரிகளை ஒவ்வொன்றாக நீக்குவேன். நாற்பது பக்கக் கதை பதினொன்றாகச் சுருங்கும். அந்தத் தாள்களை ஊசியால் துளைத்து, பூக்கட்டும் நாரால் கட்டி வைத்திருந்தேன். பத்துப் பதினைந்து கட்டுகள் சேர்ந்தன. எறும்பு ஊர்வதுபோல இருக்கும் அந்த எழுத்தைப் படித்துத்தான் என் ஆங்கிலம் தேறியது.

அந்தக் கதைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆங்கிலம் மட்டுமன்று. ஒரே இரவு, ஒரே கோபுரம், ஒரே மரணம். அதை முப்பது பேர் முப்பது விதமாக எழுதியிருந்தார்கள்: கொன்றவன் கண்ணால், கீழே நின்ற பையன் கண்ணால், செய்தி கேட்டு ஓடிவந்த ஆசிரியை கண்ணால். கதையில் யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம் என்பது எவ்வளவு பெரிய தேர்வு என்பதை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை. அங்கேதான் படித்தேன். மூலக்கதையில் இரண்டே வரி பேசிவிட்டு மறைந்த ஒரு தாய்க்கு யாரோ ஒருத்தி ஐம்பது பக்கம் கொடுத்திருப்பாள். அந்தத் தாராளம் என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

2012இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். தாம்பரத்தில் அறை, கடற்கரை நிலையம் வரை மின்சார ரயில். போக வர இரண்டு மணி நேரம். அதற்குள் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளம் நன்றாக வளர்ந்திருந்தது. அங்கே ஒவ்வொரு கதைக்கு முன்னாலும் குறிச்சொற்கள் வரிசையாக இருக்கும். யாருக்கும் யாருக்கும் காதல், யாராவது இறப்பார்களா, முடிவு மகிழ்ச்சியா துயரமா, பகை மெல்ல மெல்ல நேசமாகிறதா, காயம் பட்டவருக்கு ஆறுதல் கிடைக்குமா, எல்லாமே முன்கூட்டியே தெரியும். முடிந்த கதைகளை மட்டும் காட்டு என்று கேட்கலாம். ஒரு லட்சம் சொல்லுக்கு மேற்பட்டவற்றை மட்டும் காட்டு என்றும் கேட்கலாம். பத்து மணி நேர வேலைக்குப் பிறகு, அன்றைய மனசுக்கு எது வேண்டுமோ அது மட்டும் தட்டில் வந்து விழும். 2014இல் அப்பா போனபோது, யாரும் சாகாத கதைகளை மட்டும் வடிகட்டி எடுத்து நான்கு மாதம் படித்தேன். அந்தக் கதைகளை எழுதியவர்களின் உண்மைப் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் செய்த உபகாரத்தை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் பழக்கம் ஆளையே மாற்றிவிடும் என்பதும் உண்மை. நாவலைத் திறந்தால் பத்தாம் பக்கத்திலேயே மனம் தவிக்க ஆரம்பித்துவிடும். இந்தக் குழந்தை பிழைக்குமா? இவனை நம்பலாமா? குறிச்சொல் இல்லையே! கடைசிப் பக்கத்தைப் புரட்டுவேன், அங்கே எனக்குத் தெரியாத பெயர்கள் இருக்கும், மூடிவிடுவேன். அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருந்தது. அது என்னவென்று எனக்கே தெரியவில்லை. அதை எனக்குக் காட்டியது என் அத்தை.

அதற்குள் நானே நாற்பதுக்கு மேற்பட்ட ரசிகர் கதைகள் எழுதியிருந்தேன். நல்ல வரவேற்பும் இருந்தது. அந்தத் தைரியத்தில் 2018 கோடையில் சொந்தமாக ஒரு சிறுகதை எழுதினேன், தமிழில். அப்பா இறந்தபின் பூர்வீக வீட்டைப் பிரித்துக்கொள்ள வரும் அக்காவும் தங்கையும். ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடம் கொடுத்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்தவர். திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, பன்னிரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

“இந்த மாலதி யாரம்மா?”

“அக்கா, அத்தை. இரண்டாம் பத்தியிலேயே சொல்லியிருக்கிறேனே.”

“அக்கா என்பது உறவு. ஆள் யார்? தங்கையைப் பார்த்ததும் உடைந்து அழுதாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் அழுதால் எனக்கு என்ன வந்தது? நீ அவளை எனக்குக் காட்டவே இல்லையே.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

“வீட்டைப் பிரிக்கிறார்கள் என்கிறாய். எந்த வீடு? முற்றம் உண்டா? கிணறு கொல்லைப்புறமா, பக்கவாட்டிலா? இவர்கள் எதைப் பிரியமுடியாமல் அழுகிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டாமா, கண்ணு?”

அன்றிரவு பென்சிலை எடுத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் திரும்பப் படித்தேன். வீட்டைக் கண்ணுக்குக் காட்டும் ஒரு வரிகூட இல்லை. மாலதி உயரமா குட்டையா, கையில் வளையல் உண்டா, எப்படிப் பேசுவாள், எதுவும் இல்லை. முதல் வரியிலேயே கண்ணீர் தொடங்கிவிடுகிறது. இத்தனை ஆண்டுகளில் யாரும் என்னிடம் ஹாரி பாட்டர் படிக்கும் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் எப்படி இருக்கும் என்று கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. ரசிகர் கதையில் ஒரு பெயரை எழுதினால் போதும். அந்தப் பெயரோடு முகமும், வீடும், நெற்றித் தழும்பும், பத்தாண்டுத் துயரமும் கூடவே வந்துவிடும். மூலநூலாசிரியர் சேர்த்துவைத்த அன்பை எடுத்து நான் செலவழித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவளுக்கு எது நேர்ந்ததோ, அதேதான் படிக்கிறவளுக்கும் நேர்ந்திருந்தது. முன்பின் தெரியாத ஒருவரை, முகமே இல்லாத நிலையிலிருந்து மெல்ல மெல்லத் தெரிந்துகொள்ளும் பொறுமை என்னைவிட்டுப் போயிருந்தது. அந்த ஏழு நாவல்களும் 9ஆம் பக்கத்திலும் 14ஆம் பக்கத்திலும் நின்றதற்குக் காரணம் அதுதான்.

மறுநாள் காலை அத்தையிடம் என் வாசிப்பு முழுவதையும் சொன்னேன். ஒளித்துவைக்க எதுவும் இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே போய், அட்டை கிழிந்து பழுப்பேறிய ஒரு பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அல்லி அரசாணி மாலை, அவருடைய மாமியார் படித்தது. புகழேந்திப் புலவர் பெயரில் அச்சாகிக் கிராமம் கிராமமாகப் போன கதை. மதுரையை ஆளும் அல்லி, ஆண்களையே ஒதுக்கி வைத்தவள்; அவளைத் தந்திரத்தால் மணக்கிறான் அர்ச்சுனன். வியாச பாரதத்தில் அல்லி என்று ஒரு பெண்ணே கிடையாது. யாரோ ஒரு தமிழ்ப் புலவருக்கு அர்ச்சுனன் மதுரைக்கு வந்தால் என்ன ஆகும் என்று தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். “நீ செய்கிற வேலை நம் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் இதைக் கேட்டவர்கள் பாரதமும் கேட்டார்கள், நல்லதங்காள் கதையும் கேட்டார்கள். ஒன்றையே உண்டு வளரவில்லை” என்றார் அத்தை. பிறகு புதுமைப்பித்தன் சிறுகதைத் தொகுப்பை என் மடியில் வைத்து, சாபவிமோசனத்தைப் படிக்கச் சொன்னார்.

இராமாயணம் தெரியாதவர்களுக்கு அந்தக் கதை பாதிதான் எட்டும். கல்லிலிருந்து மீண்ட அகலிகை, இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதை சீதையின் வாயாலேயே கேட்டு, மீண்டும் கல்லாகிறாள். ஒரு வகையில் முழுக்க முழுக்க நாம் அறிந்த பாத்திரங்களின் மேல் நிற்கும் கதை. என்னைத் திகைக்கவைத்தது அதன் தொடக்கம். சாலையில் கிடக்கும் ஒரு கற்சிலையிலிருந்து கதை தொடங்குகிறது. அந்தச் சிலையின் உடலை, அதன் கண்ணில் தேங்கிய சோகத்தை, பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும்போல வரைகிறார். அகலிகை யார் என்பது தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்த பெண்ணையும் தெரியாதவளாக வைத்து, முதலிலிருந்து காட்டுகிறார். நான் நாற்பது கதைகளில் ஒருமுறைகூடச் செய்யாத வேலை.

இனி நான் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் செய்தது தவறான காரியம். ரசிகர் கதைகளை அடியோடு நிறுத்தினேன். சேமித்துவைத்த பட்டியலை அழித்தேன். ஒன்பது நாள் தாங்கியது. அந்த ஒன்பது நாளும் கையில் இருந்த நாவலைத் தண்டனைபோலப் படித்தேன், அந்த நாவல் மேலேயே கோபம் வந்தது. பத்தாம் நாள் திருட்டுத்தனமாகப் பழைய கதைகளுக்குத் திரும்பினேன், அதையும் நிம்மதியாகப் படிக்கமுடியவில்லை. ஒன்றை வெறுத்து இன்னொன்றை நேசிக்கமுடியாது என்பது என் அனுபவம். பிள்ளைகள் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுப் புத்தகத்தைத் திணிக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஒன்பது நாள்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பதில், படித்த கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். என் அண்ணன் மகள் ஒரு கொரியப் பாடகர் குழுவை வைத்து எழுதிய கதைகளைத்தான் படிக்கிறாள். அவள் சொல்லச் சொல்லக் கேட்டதில், அவளுக்குப் பிடித்தது பாடகர்கள் என்பதைவிட, ஒரே வீட்டில் அடைபட்ட ஏழு பேருக்குள் நடக்கும் உரசல்கள்தான் என்று எனக்குப் புரிந்தது. அது தெரிந்துவிட்டால் புத்தகம் தேர்ந்து கொடுப்பது எளிது.

எனக்கு நானே செய்துகொண்டதும் அதுதான். ஆறு ஆண்டுகளில் நான் மிகவும் விரும்பிய இருபது கதைகளை ஒரு தாளில் எழுதினேன். பக்கத்தில், அதில் எது பிடித்தது என்று எழுதினேன். மந்திரம் என்று எங்கேயும் வரவில்லை. பகையாளிகள் கட்டாயத்தால் ஒரே இடத்தில் இருக்க நேர்வது, நீண்ட காலத்துக்குப் பிறகு ஒரு குடும்பம் ஒன்று சேர்வது, இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. ஆக எனக்கு வேண்டியது விரிவான குடும்ப நாவல்கள். புத்தகக் காட்சியில் நான் வாங்கிய ஏழில் ஐந்து, பிறர் பாராட்டியதற்காக வாங்கிய மெலிந்த பரிசோதனை நூல்கள். அவற்றை அப்போது படிக்கமுடியாமல் போனதில் வியப்பில்லை.

அடுத்தது சிறுகதை. அத்தை போட்ட கணக்கு ஒரு மண்டலம்: நாற்பத்தெட்டு நாள், நாளைக்கு ஒரு கதை, பத்துப் பக்கத்துக்குள். அன்னியரைச் சந்திப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தினமும் ஒரு புது வீடு, புது மனிதர், அரை மணி நேரத்தில் விடைபெற்றுக்கொள்ளலாம். பிடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. நாற்பத்தெட்டில் எனக்கு மனத்தில் நின்றவை பத்துப் பன்னிரண்டுதான். ஆனால் இருபதாம் நாள் வாக்கில் ஒரு மாற்றத்தை உணர்ந்தேன். முதல் பத்தியில் யார் என்னவென்று தெரியாமல் இருப்பது தொந்தரவாகத் தோன்றுவது நின்றுபோயிற்று. அந்தத் தெரியாமையில் ஒரு சுகம்கூட இருந்தது.

அதன்பிறகே நாவல். இங்கே நான் கற்றுக்கொண்டதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் மாற்றியது. முதல் முப்பது பக்கத்தை ஒரே அமர்வில் படித்துவிடவேண்டும். முன்பு நான் இரவு பதினொரு மணிக்குக் கட்டிலில் சாய்ந்து நான்கு நான்கு பக்கமாகப் படித்தேன். நான்கு பக்கத்தில் ஒருவரோடும் அறிமுகம் ஆகாது. மறுநாள் இரவு திறக்கும்போது நேற்றுப் பார்த்தவர்களும் மறந்திருப்பார்கள், மறுபடியும் வாசலிலிருந்து தொடங்கவேண்டும். நாளடைவில் அந்தப் புத்தகம் என்றாலே ஒரு களைப்பு. இப்போது புதிய நாவலை ஞாயிறு காலையில்தான் தொடங்குகிறேன். காப்பி குடித்து முடித்ததும், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக. அந்த முப்பது பக்கமும் பிடிக்கிறதா இல்லையா என்று எனக்குள் கேட்டுக்கொள்வதில்லை. “புது வீட்டுக்குப் போனால் எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியாது. அதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவாயா?” என்று அத்தை கேட்டது காதில் இருக்கும். முப்பது தாண்டியபிறகு ரயிலில் நின்றுகொண்டு இரண்டு பக்கம் படித்தாலும் இழை அறுவதில்லை.

கூடவே ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்கிறேன். பெயர், உறவு, ஒரு அடையாளம். “சிவகாமி, பெரியவரின் இரண்டாம் தாரம், கதவை மெதுவாகச் சாத்துபவள்” என்பதுபோல. அந்தக் கடைசிப் பகுதி முக்கியம். ஆசிரியர் ஆளைக் கண்ணுக்குக் காட்டும் இடத்தைப் பிடித்து எழுதப் பழகினால், முகம் தானாக மனத்தில் விழுகிறது.

என் முதல் பெரிய நாவலாக பொன்னியின் செல்வனை எடுத்தேன். பலருக்கு அதுதான் பள்ளி வயது நூல், எனக்கு இருபத்தெட்டில் வாய்த்தது. ரசிகர் கதைகளில் ஊறியவர்களுக்கு அதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியவில்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் கல்கி பத்திரிகையில் வந்த தொடர் அது. அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றின் முடிவும் அடுத்ததற்கு இழுக்கும். நாம் கைப்பேசியில் பழகிய தாளம்தான். அதேநேரம், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் ஓர் இளைஞனை, யாரென்றே தெரியாத நமக்கு, அவ்வளவு ஆற அமரக் காட்டிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார். வந்தியத்தேவன் என்ற பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், குந்தவையின் கணவர் பெயராக இருக்கிறது. அந்த ஒரு பெயரிலிருந்து, சிரிப்பும் பசியும் அவசரப் புத்தியும் உள்ள ஒரு பிள்ளையை உண்டாக்கியிருக்கிறார் கல்கி. நாமெல்லாம் ஆயத்தமாகக் கிடைத்த ஆளை எடுத்து எழுதுகிறோம், அவர் வெறும் பெயரை எடுத்து ஆளாக்கினார். ஐந்து பாகமும் முடித்தபோது, எனக்கு ஒரு லட்சம் சொல் ரசிகர் கதை முடிந்தபோது வரும் அதே ஏக்கம் வந்தது. அந்த ஏக்கம் அன்றைய வாசகர்களுக்கும் வந்திருக்கிறது. பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அவர்கள் கேட்க, கல்கியே முடிவுரையில் பதில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் விக்கிரமன் நந்திபுரத்து நாயகி என்று தொடர்ச்சியே எழுதினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரசிகர் கதைகள் இலவசமாகக் கிடைப்பதால் அவை தரம் குறைந்தவை என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை. பதிப்புரிமை உள்ள ஒரு படைப்பின் பாத்திரங்களை வைத்து எழுதியதை உரிமையாளரின் அனுமதியில்லாமல் விற்கமுடியாது, அதனால்தான் அவை கொடையாகவே எழுதப்படுகின்றன. நான் சொன்ன ஆர்க்கைவ் தளத்தை நடத்துவதே 2007இல் தொடங்கப்பட்ட ஒரு லாபநோக்கற்ற அமைப்பு. 2019இல் அந்தத் தளத்துக்கு, அறிபுனை எழுத்துக்கான பெரிய விருதான ஹ்யூகோ கிடைத்தபோது ரயில் பெட்டியிலேயே எனக்குக் கண் கலங்கியது. கல்கியின் நூல்களை 1999இல் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால், அவற்றை யாரும் அச்சிடலாம், அவற்றை வைத்து எழுதி விற்கவும் தடையில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சட்டத்தின் வேலி. தரம் வேலியின் இரண்டு பக்கமும் உண்டு, குப்பையும் இரண்டு பக்கமும் உண்டு.

புத்தகத்துக்கு வந்தவர்களை மீண்டும் துரத்திவிடக்கூடிய இன்னொன்று தனிமை. இதைப்பற்றி யாரும் பேசக் காணோம். ரசிகர் கதையில் ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் நூறு பேர் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எழுதியவரே வந்து பதில் சொல்வார். நாவலில் தலையில் இடி விழுந்ததுபோல ஒன்று நடந்தாலும், தலைநிமிர்ந்து பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எனக்கு அது முதல் சில மாதங்கள் மிகவும் வலித்தது. அலுவலகத் தோழி ஒருத்தியும் நானும் ஒரே நாவலின் இரண்டு படிகளை நூலகத்தில் எடுத்து, வாரம் நூறு பக்கம் என்று வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அந்த நூறு பக்கத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு. யார் இறப்பார்கள் என்று பந்தயம் கட்டுவோம். ஆறு ஆண்டுகளாக அது தொடர்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். துணை ஒருவர் இருந்தாலே போதும், இருவர்கூட வேண்டியதில்லை.

குறிச்சொற்களின் இழப்பை முழுதாக ஈடுசெய்ய வழி கிடையாது. அவை ஒரு நல்ல மனிதாபிமான ஏற்பாடு. அப்பா இறந்த ஆண்டில் தந்தையின் மரணத்தைப் பற்றிய நாவல் கையில் கிடைத்திருந்தால் நான் நொறுங்கியிருப்பேன். அதனால் இன்றும், மனம் சோர்ந்த காலங்களில், படித்தவர்களிடம் வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன்: இதில் குழந்தை சாகுமா, இப்போது நான் படிக்கலாமா? எங்கள் கிளை நூலகத்து நூலகர் அம்மா இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்வார். மற்ற காலங்களில் கேட்பதில்லை. கடைசிப் பக்கத்தையும் புரட்டுவதில்லை.

அந்த அக்கா தங்கை கதையை ஓராண்டு கழித்துத் திரும்ப எழுதினேன். இரண்டு பக்கம் வெறும் வீடு மட்டும். மாலதி கிணற்றடியில் நின்று, உருளையின் கயிறு தேய்ந்த பள்ளத்தை விரலால் தடவுகிறாள். ஆறாம் பக்கம்வரை யாரும் அழுவதில்லை. அத்தை படித்துவிட்டு, “கிணறு கொல்லைப்புறம்தான், தெரிகிறது” என்றார். ரசிகர் கதைகளையும் இன்று வேறு மாதிரிப் படிக்கிறேன். பெயரை மட்டும் வைத்துவிட்டு ஓடும் கதைகள் இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடுகின்றன. தெரிந்த ஆளை இன்னொருமுறை முதலிலிருந்து காட்டுகிறவர் கிடைத்தால், அவர் எழுதிய அத்தனையையும் தேடிப் படிக்கிறேன், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரியாவது எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு ஒரு கடலோர நாவலைத் தொடங்கினேன். 26ஆம் பக்கத்தில் பால்காரர் கூப்பிட்டதால் எழவேண்டியதாயிற்று. துண்டுத் தாளில் இதுவரை பதினோரு பெயர்கள். கரையில் தனியாக உட்கார்ந்து வலையின் கண்களைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவரைக் காட்டியிருக்கிறார்கள், அவர் பெயரை இன்னும் சொல்லவில்லை. அவருக்காகப் பன்னிரண்டாவது வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.